எண்ணெய் ஊறின கை

எங்கப்பாவோட வலது கை மணிக்கட்டோட கழண்டது கொரியாவுல, பூசான் மீன் மார்க்கெட்டுல, மத்தியான சாப்பாட்டு நேரத்துல, எங்கம்மா கன்னத்துல அறைஞ்ச அந்த நிமிஷத்துல. அறைஞ்சு முடிச்சிட்டுத்தான் கழண்டுச்சு. பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் அந்தக் கைக்குக் கெடையாது, அது இன்ஜினியரிங்க மூணாவது செமஸ்டர்ல விட்டுட்டு வந்த என்னோட பழக்கம். அறை விழுந்துச்சு, அம்மா கையில இருந்த சூப் கிண்ணம் தரையில உருண்டுச்சு, அது பின்னாடியே அப்பாவோட கை, கைக்குப் போடுற உறைய உருவுன மாதிரி நழுவி, ஆக்டோபஸ் தொட்டியில தொப்புன்னு விழுந்து, அங்க சும்மா இருந்த ஒரு ஆக்டோபஸ்ஸுக்கு ரெண்டு போட்டுட்டு வெளிய ஏறி வந்துச்சு. ரத்தம் ஒரு சொட்டு இல்ல. மணிக்கட்டு மட்டும் பிசைஞ்சு வெச்ச சப்பாத்தி மாவு மாதிரி வழவழன்னு இருந்துச்சு.

எங்க வீட்ல யாரும் வாயப் பொளக்கல. அந்தக் கை கழள்றதுக்கு வேண்டிய வேலைய எங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து செஞ்சுகிட்டு வர்றாங்க.

அப்பா பேரு தணிகாசலம். சுங்குவார்சத்திரத்துல கொரியாக்காரன் கம்பெனிங்களுக்கு ஆள் ஏத்துற வேன் காண்ட்ராக்ட்டு. அடிக்கிறதுல அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. என்னைய எங்க வேணா அடிப்பாரு, பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம், சலூன், இடம் பாக்க மாட்டாரு. தங்கச்சி தேன்மொழிய வீட்டுக்குள்ள. அம்மாவ மட்டும் பெட்ரூம்ல கதவ சாத்திட்டு. கதவு சாத்துற சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு கௌசல்யா அக்கா டிவி சவுண்ட கூட்டி வெச்சிருவாங்க, எங்க தெருவுல அதுதான் மரியாதை, அதனாலயே ஊர்ல ஓடுன அத்தன சீரியல் வசனமும் எனக்கு மனப்பாடம். முடிச்சிட்டு வெளிய வந்து அப்பா ஈஸி சேர்ல சாஞ்சு கைய நீட்டுவாரு. "வேதா, கை எரியுதுடி." எங்கம்மா வேதவல்லி, வீங்கின மூஞ்சியோட, தேங்கா எண்ணெய்ல கற்பூரம் போட்டுக் காய்ச்சி எடுத்தாந்து, அவரு காலடியில ஒக்காந்து, மணிக்கட்டுலேர்ந்து நகக்கண்ணு வரைக்கும் ஒவ்வொரு வெரலா உருவி விடுவாங்க. வருஷக்கணக்கா அந்த எண்ணெய் தோல்ல எறங்கி, சதையில எறங்கி, எலும்பு பூட்டுக்குள்ள எறங்கி, உள்ள ஊறிக்கிட்டே கெடந்துச்சு. கழள்றதுக்கு நல்ல நேரம் பாத்துகிட்டு இருந்துச்சு, அவ்ளோதான்.

வேன்லாம் ஒழுங்கா நேரத்துக்கு வந்ததுக்காக கம்பெனிக்காரன் நாலு டிக்கெட்டு குடுத்தான், பூசான் போயிட்டு வான்னு. கைடு போடட்டுமான்னும் கேட்டான். "குடும்பத்தையே நடத்துறேன், ஊர் சுத்திக் காட்டத் தெரியாதா எனக்கு?"ன்னு அப்பா கைடு வேணாம்னுட்டாரு. ஒரு பெரிய குடை வாங்கி, அது நுனியில செவப்புத் துண்டு கட்டி, நாங்க மூணே பேர் பின்னாடி வர்றதுக்கு ஒரு ஜாதா கெளம்புன மாதிரி தூக்கிப் புடிச்சுகிட்டு முன்னாடி நடந்தாரு. பொட்டி கட்டும்போது ஊறுகா பாட்டிலுக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவுல அம்மா அந்த எண்ணெய் பாட்டில ரெண்டு கவர் போட்டு வெச்சாங்க.

"அது எதுக்கும்மா?"ன்னா தேனு.

"அப்பாவுக்குக் கை வலிச்சா அந்த ஊர்ல எங்கடி தேடுவேன்?"

அடி வாங்கப் போறோம்னு தெரிஞ்சு, அடிக்கிறவருக்கு மருந்து எடுத்துகிட்டு ஃபிளைட் ஏறுன ஒரே டூரிஸ்ட் எங்கம்மாதான்.

மொத நாளு மலையில கலர் கலரா பெயின்ட் அடிச்ச வீடுங்கள பாத்தோம், அப்பறம் பீச்சுக்குப் போனோம். "இவ்ளோ பெரிய கடல வெச்சுகிட்டு ஒருத்தன் சுண்டல் விக்கலியே"ன்னு நான் சொன்னேன். பளார். பாஸ்போர்ட்டுல குத்துனதுக்கு அடுத்து, கொரியாவுல எனக்கு விழுந்த ரெண்டாவது ஸ்டாம்ப்பு அது. தெருவுல ஒரு அம்மா சுடச்சுட சக்கர வெச்ச ரொட்டி போட்டாங்க, அத ரெண்டு கையாலயும் ஏந்திக் குடுத்தாங்க. தேனு கொரியா சீரியல் பாத்து பாத்தே அந்த பாஷைய கத்துகிட்டவ. "மரியாதைன்னா இங்க ரெண்டு கையாலதான் குடுக்கணும், ரெண்டு கையாலதான் வாங்கணும்ப்பா"ன்னா. அப்பா என்னப் பாத்துகிட்டே சொன்னாரு, "நான் குடுக்கறதுக்கு ஒரு கையே போதும்."

ரெண்டாவது நாளுதான் மீன் மார்க்கெட்டு. குடையத் தூக்கிகிட்டு அப்பா முன்னாடி போறாரு, எந்தக் கடையில சாப்புடணும்னு அவருதான் முடிவு பண்ணணும், எங்க வீட்ல அவரு சாப்ட்டு கை கழுவாம வேற யாரும் தட்டு எடுக்க மாட்டோம். நடுவுல ஒரு கடையில அம்மா நின்னுட்டாங்க. சுருட்டை முடி, செவப்பு ரப்பர் கையுறை போட்ட ஒரு ஆஜும்மா, அதாவது அங்க அக்கா வயசு, அத்தை வயசு எல்லாரையும் அப்டித்தான் கூப்புடுவாங்களாம், மரக்கட்டைய ஓங்கி ஓங்கி ஒரு காஞ்ச மீன அடிச்சுகிட்டு இருந்தாங்க. தப். தப். தப்.

"அத எதுக்குடி போட்டு இந்த அடி அடிக்கிறாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க.

தேனு விசாரிச்சிட்டு வந்தா. "கல்லு மாதிரி காஞ்சிருக்குமாம்மா. அடிச்சாத்தான் நார் நாரா பிரிஞ்சு சூப்புக்கு ஆவுமாம்."

"செத்தப்பறம்தான அடிக்கிறாங்க," அம்மா சொன்னாங்க. "பரவால்ல."

அந்த ஆஜும்மா அம்மா மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தாங்க. என்ன பாத்தாங்களோ, ஒரு கிண்ணம் சூப்ப ஊத்தி ரெண்டு கையாலயும் நீட்டுனாங்க. அம்மா ரெண்டு கையாலயும் வாங்கினாங்க. ஊதி ஊதி, கண்ண மூடி, ஒரு வாய் குடிச்சாங்க. அப்பாவுக்கு முன்னாடி.

குடை திரும்புச்சு. அப்பா பாத்தாரு. கதவு இல்லாத எடம்ங்கறதே அவருக்கு மறந்துருச்சு. அடுத்து நடந்ததத்தான் மொதல்லயே சொல்லிட்டேன்.

தொட்டியிலேர்ந்து ஏறி வந்த கை அப்டியே வேலைய ஆரம்பிச்சுது. அதுக்குக் கண்ணு இல்ல, ஆனா பயந்து கண்ண மூடுனா இமை ஒட்டுற சத்தம் அதுக்குக் கேக்கும். போன்ல செல்ஃபி எடுத்துகிட்டு இருந்தவன் பதறுனான், அவனுக்குப் பல்லு போச்சு. நண்டு வாங்க வந்த ஒரு பெரியவரு மூஞ்சிய மறைச்சாரு, மூக்குலேர்ந்து ரத்தம் சட்டை பூரா. ஐஸ் பொட்டிங்க மேல ஏறிக் குதிச்சு வந்து என் ஒதட்டக் கிழிச்சுது, தேனு போட்டிருந்த கண்ணாடிய ஒடச்சு, அதுல ஒரு சில்லு அவ புருவத்துல குத்தி நின்னுச்சு. ஆனா மீன் விக்கிற பொம்பளைங்க பக்கம் அது போவல. அவங்க கத்தியும் கையுமா பொறந்து வளந்தவங்க, சுறா வாலால அடிச்சாலும் கண்ணு சிமிட்டாதவங்க. அவங்க நடுவுல கை நின்னு, இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, வழி தெரியாத ஆள் மாதிரி வெரல ஆட்டிகிட்டு இருந்துச்சு.

போலீஸ் வந்தாங்க. கை யாருதுன்னு கேட்டாங்க. மார்க்கெட்டே எங்கப்பாவப் பாத்துச்சு. அவரு மொட்டை மணிக்கட்ட முதுகுக்குப் பின்னாடி வெச்சுகிட்டு, "நாட் மைன்"னாரு. அப்பறம் ரூமுக்கு வந்து அதுல என்னோட சாக்ஸ் ஒண்ண மாட்டிகிட்டு, "நாளைக்கு கோயில், அப்பறம் பன்னிக்கறி சூப்பு. புரோகிராம் நிக்காது"ன்னாரு. ராத்திரி சாப்பாட்ட அம்மா ஸ்பூன்ல ஊட்டுனாங்க. அம்மாவோட எடது கன்னத்துல அஞ்சு வெரலும் அப்டியே இருந்துச்சு. அந்தக் கை அங்க வெச்சிட்டுப் போன கடைசி சொத்து.

அந்த ஊரு கைய பழகிகிட்ட வேகம் இருக்கே, எங்க தெரு புது ஸ்பீடு பிரேக்கர பழகிக்கறதுக்குக்கூட அதவிட ஜாஸ்தி நேரம் ஆவும். மறுநாள் காலையில மார்க்கெட்டு மைக்குல அறிவிப்பு குடுத்தாங்களாம், கையப் பாத்தா கண்ண மூடாதீங்க, தொடச்சு வெச்ச தரையில அது வழுக்கும், கொழந்தைங்கள விட்டு வெளையாடாதீங்கன்னு. ஐஸ் ஏத்துறவங்க ஹெல்மெட் போட்டுகிட்டாங்க. பள்ளிக்கூடப் பசங்க யூனிஃபார்மோட வந்து யாருக்கு தில்லு ஜாஸ்தின்னு வரிசையா நின்னு கைய மொறச்சுப் பாத்தாங்க, தோத்தவன் கன்னத்த தடவிகிட்டே ஸ்கூலுக்குப் போனான். தூக்கம் வர்ற டாக்ஸி டிரைவருங்க வண்டிய ஓரம் கட்டிட்டு, வேணும்னே கண்ண மூடி ஒண்ணு வாங்கிட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க. ஒரே ஒருத்தர்தான் அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாரு. அவரும் பதிலுக்கு நிக்கல, மீன் வாங்க வரிசை நகந்துருச்சு.

கையும் பழக்கப்பட்ட ஆளத் தேட ஆரம்பிச்சுது.

மூணாவது நாளு கோயிலுக்குப் போறதுக்கு பஸ் ஸ்டாப்புல வரிசையில நின்னோம். அப்பாவுக்கு எடது கையில குடை, வலது பக்கம் சாக்ஸு. ரோட்ட கிராஸ் பண்ணி, சிக்னல் விழுந்ததும் ஜனங்களோட ஜனங்களா, வெரல்லயே நடந்து கை வந்துச்சு. நாங்க மூணு பேரும் கண்ண மூடிட்டோம், அது பழக்கம். ஆனா எங்க மூணு பேரவிட சத்தமா ஒரு இமை மூடுச்சு. அது அப்பாவோடது.

மொத அடியில குடை பறந்துச்சு. ரெண்டாவது அடியில அவரு மண்டி போட்டாரு. கை சட்டையப் புடிச்சு ஏறி, கழுத்து, காது, வாயின்னு வாட்டமா எடம் பாத்து எடம் பாத்து எறங்குச்சு, ஒதடு பொளந்துச்சு, கண்ணு மூடிகிச்சு, ஒரு பல்லு தார் ரோட்டுல வெள்ளையா போய் நின்னுச்சு. எங்கப்பா, சுங்குவார்சத்திரத்துல வேன் டிரைவருங்க எழுந்து நின்னு வணக்கம் வெக்கிற எங்கப்பா, ஒரு கையாலயும் ஒரு சாக்ஸாலயும் தலைய மூடிகிட்டு, சின்னப் பையன் கொரல்ல, "வேணாம்ப்பா... இனிமே பண்ண மாட்டேன்ப்பா... வேணாம்ப்பா"ன்னு அழுதாரு. அவரோட அப்பா, எங்க தாத்தா, நான் பொறக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே செத்துட்டாரு. வரிசையில நின்னவங்க பாத்தாங்க. நாங்களும் பாத்தோம். தேனு ஒரு அடி முன்னாடி வெச்சா, அம்மா அவ கையப் புடிச்சுகிட்டாங்க.

பஸ் வந்துச்சு. ஜனங்க ஏறுனாங்க. அம்மா கண்ண எடுக்காமயே என்னக் கேட்டாங்க.

"டேய் லோகு, வெளியேர்ந்து பாத்தா இப்டியாடா இருக்கும்?"

எனக்கு எல்லாத்துக்கும் ஒரு ஜோக்கு ரெடியா இருக்கும். அதுக்கு வரல. "இப்டித்தாம்மா இருக்கும்"னேன்.

அடிச்சு சலிச்சு கை திரும்பி மார்க்கெட்டுக்கே போச்சு. அங்க அந்த ஆஜும்மா, சொல்லிக் குடுக்கல, கூப்புடல, ஒரு காஞ்ச மீன எடுத்து கட்டை மேல கையோட முன்னாடி போட்டாங்களாம். கை ஒரு அடி அடிச்சுது. மீனு அழல, பதறல, கண்ண மூடல, ஆனா பிரிஞ்சுது. இன்னொண்ணு அடிச்சுது. இன்னும் பிரிஞ்சுது. அதுக்கப்பறம் அந்தக் கை வேற யாரையும் தேடிப் போகல. மரக்கட்டையில அடிச்சதவிட நைஸா இருக்குன்னு அந்த சூப்புக்கு வரிசை ரோடு வரைக்கும் நின்னுச்சு.

ஊருக்குக் கெளம்புற நாளு, மதியம் ஃபிளைட்டு. அப்பா மூஞ்சி வெந்த பீட்ரூட் மாதிரி இருந்துச்சு. "ஏர்போர்ட்ல ரேகை வெக்கணும். கை இல்லாம எப்டிடா விடுவான்? வாங்க எல்லாரும்"னு மார்க்கெட்டுக்கு இழுத்துகிட்டுப் போனாரு. அவருக்குப் பின்னாடி பொட்டிய உருட்டிகிட்டு நாங்க. கை வேலையில இருந்துச்சு. தப். தப். தப். ஆஜும்மா பக்கத்துல வெங்காயத்தாள் நறுக்கிகிட்டு இருந்தாங்க.

"ஏய், வா," அப்பா கூப்புட்டாரு, தெரு நாயக் கூப்புடற மாதிரி. கை நின்னுச்சு. மெல்ல எழும்புச்சு. அப்பா கண்ணு தானா மூடிருச்சு. கை பாஞ்சுது, ஆஜும்மா குழிக்கரண்டியால குறுக்கத் தடுத்து ஒரு தட்டு தட்டுனாங்க, கரண்டி வளைஞ்சுது, கை பழையபடி மீன் மேல போய் ஒக்காந்துச்சு.

அப்பா நாலு அடி பின்னாடி போய் நின்னுகிட்டு அம்மாவப் பாத்தாரு. "வேதா, அந்த எண்ணெய எடு. அது நீ தொட்டாத்தான் அடங்கும். தடவி மாட்டி விடு."

அம்மா கைப்பைய தோள்லேர்ந்து எறக்கல.

"ஏய், காது கேக்கலியா?"

"எடது காது கேக்கலைங்க," அம்மா சொன்னாங்க. "முந்தாநேத்துலேர்ந்து."

மார்க்கெட்டுல கத்தி சத்தம் ஒவ்வொண்ணா நின்னுச்சு. தேனு மொழிபெயர்க்கவே இல்ல, ஆனா எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பா சுத்தியும் பாத்தாரு. அவருக்கு வழக்கமா அடுத்து செய்யறது என்னன்னு தெரியும், அதுக்கு வேண்டிய சாமான்தான் இல்ல. என் பக்கம் திரும்புனாரு.

"டேய். எனக்குக் கை இல்ல. நீ போடுடா ஒண்ணு இவளுக்கு."

வாங்கிக்கிட்ட அடிக்கெல்லாம் நான் சிரிச்சிருக்கேன். அத வேற பக்கம் திருப்பிக் குடுக்கச் சொல்லி யாரும் இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்ல. என் வலது கை பேன்ட் பாக்கெட்லேர்ந்து வெளிய வந்துச்சு. நான் எடுக்கல, சத்தியமா, அதுவா வந்துச்சு. தோள் வரைக்கும் எழும்புச்சு. அது அப்பா கை மாதிரியே இருக்கறத அன்னிக்குத்தான் பாத்தேன், அதே கட்டை வெரலு, அதே அகலம். கட்டை மேல இருந்த கை அடிக்கிறத நிறுத்திட்டு எங்கம்மா பக்கமா திரும்பிச்சு. இமை சத்தத்துக்குக் காத்துகிட்டு இருந்துச்சு.

அம்மா கண்ண மூடல. என்னையே பாத்தாங்க.

"உனக்கும் எண்ணெய் காய்ச்சணுமாடா?"

அவ்ளோதான் கேட்டாங்க. எனக்கு மணிக்கட்டுல சுருக்குன்னு ஒண்ணு குத்துச்சு. நான் எடது கையால என் வலது கையப் புடிச்சு, முண்டுச்சு, விடல, எறக்கி பாக்கெட்டுக்குள்ள போட்டு அமுக்கிகிட்டேன். "வேணாம்மா"னேன். "எனக்கு எண்ணெய் ஒத்துக்காது."

அம்மா அப்பறம்தான் பைய எறக்குனாங்க. பாட்டில எடுத்தாங்க. அப்பா மூச்சு விட்டாரு, சாக்ஸ உருவிட்டு மொட்டை மணிக்கட்ட நீட்டுனாரு. அம்மா ஒரு குட்டி ஸ்டூல்ல ஒக்காந்து மடிய விரிச்சாங்க. கை மீன விட்டு எறங்கி, ஈரத் தரையில வெரல் வெரலா நடந்து, அவங்க மடியில ஏறி, மல்லாந்து படுத்து, அஞ்சு வெரலையும் விரிச்சுக் காட்டுச்சு. அவங்களுக்கு முன்னாடி அது அடிக்காம கெடந்தது எண்ணெய்க்கு மட்டும்தான்.

அம்மா பாட்டில தொறந்து, கீழ மீன் கழுவுன தண்ணி ஓடுற வாய்க்கால்ல மொத்தமா கவுத்தாங்க. கற்பூர வாசனை கெளம்பி, மீன் வாசனையில கலந்து, கடல் பக்கமாப் போச்சு. பக்கத்து மூட்டையிலேர்ந்து ஒரு பிடி கல்லுப்பு அள்ளி, வஞ்சிரத்துக்குத் தேய்க்கிற மாதிரி, உள்ளங்கை, பொறங்கை, வெரல் இடுக்கு, நகக்கண்ணு, பூட்டுன்னு அழுத்தி அழுத்தித் தேச்சாங்க. கை துள்ளுச்சு, மொறண்டுச்சு, அவங்க மணிக்கட்ட கீறி ரத்தம் வர வெச்சுது. விடல. ஊறின எண்ணெயெல்லாம் அழுக்கா, மஞ்சளா, உப்போட கரைஞ்சு எறங்குச்சு. தண்ணி ஊத்திக் கழுவி, முந்தானையால தொடச்சு, எழுந்து போய், ஆஜும்மா கிட்ட ரெண்டு கையாலயும் நீட்டுனாங்க. ஆஜும்மா ரப்பர் கையுறைய கழட்டிட்டு ரெண்டு கையாலயும் வாங்கிகிட்டாங்க.

"ஏய்! அது என் கைடி!"ன்னாரு அப்பா.

"போலீஸ் கேட்டப்ப இல்லன்னீங்களே."

ஆஜும்மா ஒரு கிண்ணம் சூப்பு ஊத்துனாங்க. அம்மா ஒக்காந்து, ஊதி, மெதுவா குடிச்சாங்க. "ஃபிளைட்டுக்கு லேட் ஆவுது"ன்னு அப்பா சொன்னாரு, முனகுற மாதிரி. "சாப்ட்டு வரேன்"னாங்க. நாங்க மூணு பேரும் நின்னுகிட்டே காத்திருந்தோம். அம்மா கை கழுவுனதுக்கப்பறம்தான் குடை எழும்புச்சு, அதையும் தேனுதான் தூக்குனா.

ஏர்போர்ட்ல எடது வெரல வெக்கச் சொன்னாங்க, வெச்சாரு, போகச் சொல்லிட்டாங்க. சுங்குவார்சத்திரத்துல ஒரு வாரம் பேசுனாங்க. ஃபாரின் போனா எதாவது ஒண்ண வெச்சிட்டுத்தான் வரணும்னு டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு, இன்னொருத்தர் அவங்க மச்சான் குவைத்துல பித்தப்பைய வெச்சிட்டு வந்தத சொன்னாரு, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. டிரைவருங்க இப்பவும் வணக்கம் வெக்கிறாங்க. அப்பா எடது கைய தூக்குறாரு. எங்க வீட்டு பெட்ரூம் கதவு சாத்தறதே இல்ல, கீல்ல துரு ஏறிருச்சு.

ஞாயித்துக்கெழமையானா அந்த ஆஜும்மாவோட பொண்ணு தேனுக்கு ஒரு வீடியோ அனுப்புவா. கை நல்லா தேறியிருக்கு, வேலை ஜரூரா நடக்குது. எல்லாரும் பாக்கணும்னு நான் அத ஹால் டிவியில போட்டு விடுவேன். தப். தப். தப். ஒவ்வொரு தப்புக்கும் ஈஸி சேர்ல அப்பா தோளு குறுகி நிமுரும். போன வாரம் சத்தம் செவுத்த தாண்டி பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கு. பாவம், பழக்க தோஷம், கௌசல்யா அக்கா அவங்க டிவி சவுண்ட கூட்டி வெச்சுட்டாங்க.

சமையக்கட்டுலேர்ந்து அம்மா கொரல் குடுத்தாங்க.

"டேய் லோகு, அவங்க டிவி சத்தத்துல இங்க ஒண்ணும் கேக்கலடா. நம்மளுத கூட்டி வை."